லாரி விபத்து எங்கே தொடங்குகிறது?
காவேரிப்பாக்கம் நெடுஞ்சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

2011 ஜூன் 7 இரவு, சென்னை நோக்கிச் சென்ற தனியார் ஆம்னி பேருந்து ஒன்று காவேரிப்பாக்கத்தை அடுத்த அவளூர் அருகே முன்னால் சென்ற லாரியை முந்த முயன்றது. கட்டுப்பாட்டை இழந்து சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து தீப்பிடித்தது. பயணிகளில் 22 பேர் கருகி இறந்தார்கள். இறந்தது யார் என்று உறவினரே அடையாளம் சொல்ல முடியாத நிலையில் உடல்கள் கிடந்தன. அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த காவேரிப்பாக்கம், 2019 நவம்பர் முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறியது. லாரியும் பேருந்தும் காரும் இருசக்கர வாகனமும் ஒரே தடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும் நிலை மாறவில்லை.

இத்தகைய விபத்துகளின் விசாரணை பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி வந்து' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியவுடன் காரணம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஓட்டுநர் கைதாவார், ஜாமீனில் வருவார், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். லாரி ஏன் அந்த இடத்தில் நின்றது, ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது, ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார், வண்டியில் எத்தனை டன் இருந்தது என்ற கேள்விகள் கோப்புக்குள் வருவதே இல்லை. லாரி விபத்து, மோதல் நடக்கும் நொடிக்குப் பல மணி நேரம் முன்பே வேறெங்கோ தொடங்கிவிடுகிறது. அதைத் தொடங்கிவைக்கும் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அந்தக் காரணங்களை யாரும் விசாரித்து எழுதாததால்தான் அதே சாலையில் அதே விதமாக மனிதர்கள் மீண்டும் சாகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாலையும் சரக்கும்

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் இந்தச் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 4. எண்கள் மாற்றப்பட்ட பின் 48. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் ஒரு பகுதி இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகனத் தொழிற்சாலைகளின் உதிரிபாகங்களும் புதிய கார்களும், கிருஷ்ணகிரி கிரானைட்டும், கட்டடங்களுக்கான எம்-சாண்டும் ஜல்லியும் இதில்தான் போகின்றன. ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் கோயம்பேட்டுக்குக் காய்கறி வருவதும் இதே வழி. இவற்றோடு தோல் தொழிலின் சரக்கும் சேர்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் அமிலமும் குரோமிய உப்பும் வந்து இறங்குகின்றன. பதனிட்ட தோலும் ஷூக்களும் கன்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகம் போகின்றன. கர்னூலிலிருந்து சித்தூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 40, ராணிப்பேட்டையில் முடிந்து தன் சரக்கையும் இதே சாலையில் கொண்டுவந்து கொட்டுகிறது.

இந்தச் சாலை ஓடுவது ஆளில்லாத வெளியில் அல்ல. காவேரிப்பாக்கத்தின் பெரிய ஏரி, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறுவது. அந்த ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்களின் நெல் வயல் சாலைக்கு ஒரு புறமும் வீடு மறுபுறமும் இருப்பதுண்டு. டிராக்டர், மாடு, பள்ளிப் பிள்ளைகள், ஷூ கம்பெனி வேனுக்காகக் காலையில் காத்திருக்கும் பெண்கள் என எல்லோரும் இதைக் கடந்தே தீர வேண்டும். சுற்றி வர இரண்டு கிலோமீட்டர் ஆகும் என்றால், எதிர்த்திசையிலேயே இருசக்கர வாகனத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது தவறுதான். ஆனால் தினமும் ஒரு ஊரே அந்தத் தவறைச் செய்கிறதென்றால், சாலையை வரைந்தவர் அந்த ஊரை மறந்திருக்கிறார் என்று பொருள்.

சாலையின் நிலையைப் பற்றி நீதிமன்றமே பேச வேண்டி வந்தது. 2020 டிசம்பரில், மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே சாலை மோசமாக இருப்பதைச் சுட்டிக்காட்டிய சென்னை உயர் நீதிமன்றம், அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டுமே வசூலிக்க உத்தரவிட்டது. காவேரிப்பாக்கம் இந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. ஆறுவழியாக்கும் பணிகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட சாலையில் தடம் திடீரென்று குறுகும். மாற்றுப்பாதைப் பலகை இரவில் கண்ணுக்குத் தெரியாது. காரில் வருபவர் கடைசி நொடியில் திரும்பிவிடலாம். லோடு ஏற்றிய டாரஸ் லாரிக்கு அந்த வசதி கிடையாது.

எண்கள் சொல்வது

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் இறப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றில் நிகழ்கிறது. மோதலின் வகைகளைப் பார்த்தால், ஐந்து விபத்துகளில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் காவேரிப்பாக்கம் போன்ற ஓர் இடத்தின் ஆபத்து புரியும். கனமும் வேகமும் கூடிய சாலையில், உடலைத் தவிர வேறு கவசம் இல்லாதவர்கள் நடமாடுகிறார்கள். பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் மோதியவரை மட்டும் பார்க்கிறோம். முன்னால் நின்ற வண்டியையும் பார்க்க வேண்டும்.

நிற்கும் லாரி, நகரும் லாரி

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். எதிரே தடை இருப்பதை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் மேலும் சுமார் 40 மீட்டர். ஆக 70 மீட்டருக்கு மேல் வேண்டும். டிம் செய்த முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவதோ ஏறக்குறைய 50 மீட்டர். எதிர்த் தடத்து வண்டியின் ஹைபீம் கண்ணில் அடித்தால் அதுவும் குறையும். அதாவது, விளக்கோ பிரதிபலிப்புப் பட்டையோ இல்லாமல் இருட்டில் நிற்கும் லாரியைக் கவனமான ஓட்டுநர்கூட உரிய நேரத்தில் பார்க்க முடியாது. அந்த மோதலின் முடிவு, லாரி அங்கே நிறுத்தப்பட்டபோதே எழுதப்பட்டுவிட்டது.

நகரும் லாரியும் இதே ஆபத்தைத் தருகிறது. அதிக லோடுடன் 30 கிலோமீட்டர் வேகத்தில் வலது தடத்தில் செல்லும் லாரியை 90-இல் வரும் பேருந்து நெருங்கினால், நூறு மீட்டர் இடைவெளி ஆறு நொடியில் தீர்ந்துவிடும். இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் பின்விளக்கை வைத்து அது எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கணிப்பது மனிதக் கண்ணுக்கு மிகக் கடினம். புரியும்போது மீதமிருப்பது திடீர்த் திருப்பம் ஒன்றுதான். அந்தத் திருப்பம் பள்ளத்தில் முடியலாம், டிவைடரில் முடியலாம், பக்கத்து இருசக்கர வாகனத்தின் மேல் முடியலாம்.

லாரிகள் ஏன் கண்ட இடத்தில் நிற்கின்றன? டயர் வெடிக்கிறது, ஆக்சில் உடைகிறது. ஓட்டுநர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், இயற்கை உபாதைக்கு ஒதுங்க வேண்டும். பகலில் சென்னைக்குள் கனரக வாகனம் நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு. கம்பெனி கேட் திறக்கும் வரை உள்ளே விட மாட்டார்கள். இவ்வளவு காரணங்களுக்கும் சேர்த்துச் சாலை தரும் இடம் ஓரத்து மண்ணும் சர்வீஸ் ரோட்டின் வாயும்தான். பழுதான லாரிக்குப் பின்னால் மரக்கிளையை ஒடித்து வைப்பதும் கல்லை வரிசையாக அடுக்குவதும் நம் சாலைகளில் பழகிப்போன எச்சரிக்கை முறை. பழுது நீங்கி லாரி போன பிறகும் கல் அங்கேயே கிடந்து அடுத்த இருசக்கர வாகனத்தைக் கவிழ்க்கிறது.

2023 செப்டம்பர் 11 அதிகாலை, இதே நெடுஞ்சாலையில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஆம்பூர்ப் பக்கத்து ஓணாங்குட்டை கிராமத்தைச் சேர்ந்தவர்கள் கர்நாடகச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்த வேன் பழுதாகிச் சாலையில் நின்றது. இறங்கியவர்களில் பெண்கள் சிலர் வேனுக்கு முன்னால் டிவைடர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த சரக்கு வாகனம் மோதிய வேகத்தில் வேன் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். பாதுகாப்பாக இறங்கி நிற்க ஓர் இடமும், பழுதான வண்டியை உடனே அப்புறப்படுத்தும் ரோந்தும் இருந்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆபத்தான நிலையில் வாகனத்தைப் பொது இடத்தில் விட்டுச்செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது. நெடுஞ்சாலை நடுவே விளக்கின்றி நிறுத்தப்பட்ட டேங்கர் மீது கார் மோதிய வழக்கில், உயர் நீதிமன்றம் கார் ஓட்டியவர் மேலும் பாதிப் பொறுப்பைச் சுமத்தியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் முழுப் பொறுப்பும் டேங்கருக்கே என்று தீர்ப்பளித்தது. கோவையில் 2017-இல் முன்னால் சென்ற கார் சைகை காட்டாமல் திடீரென்று நின்றதால் பைக்கில் வந்த மாணவர் மோதி விழுந்தார். பின்னால் வந்த பேருந்து ஏறியதில் ஒரு காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 விழுக்காடு எனப் பொறுப்பைப் பிரித்தது. நிற்பதும் ஒரு செயல், அதற்கும் பொறுப்பு உண்டு என்பதை நீதிமன்றங்கள் உணர்ந்துவிட்டன. காவல் நிலையக் கோப்புகளும் அதை உணர வேண்டும்.

லாரியின் பின்புறம்

லாரியின் பின்னால் மோதும் கார் ஏன் இவ்வளவு பேரைக் கொல்கிறது? காரின் முன்பகுதி நசுங்கி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. லாரியின் தளமோ தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருக்கிறது. பானட் அதன் அடியில் நுழைந்துவிடும். தளத்தின் விளிம்பு நேராகக் கண்ணாடியைப் பிளந்து தலையிலும் மார்பிலும் மோதும். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இருந்தும் பயனில்லாமல் போகிறது. 1967-இல் அமெரிக்க நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்டு இப்படித்தான், டிரெய்லருக்கு அடியில் கார் நுழைந்து இறந்தார். அங்கே பின்புறத் தடுப்புக் கம்பியை மக்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஐ.எஸ். 14812 என்ற தரநிலை, லாரியின் பின்னால் தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மிகாத உயரத்தில் உறுதியான தடுப்பு வேண்டும் என்கிறது. சிவப்பு, வெள்ளைப் பிரதிபலிப்புப் பட்டைகளும் கட்டாயம். ஆனால் சாலையில் பாருங்கள்: தடுப்பு என்ற பெயரில் மெல்லிய குழாய் ஒன்று தொங்கும், டிப்பர்களில் அதுவும் வளைந்து கிடக்கும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக ஒட்டிய பட்டையைச் சேறும் தார்ப்பாயும் மூடியிருக்கும். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்த ஒரு நாளில் இருந்தது மற்ற நாட்களில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பட்டையும் சில ஆயிரம் ரூபாய் இரும்பும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் என்றால், அதில் தளர்வு காட்டுவது மன்னிக்கத் தக்கதல்ல.

தூங்காத மனிதன்

லாரி ஓட்டுநரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். அவரும் விபத்தில் சாகிறார். கேபின் நசுங்கிக் காலை இழக்கிறார். அவருடைய வருமானம் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்ற கணக்கில் வருவது. வண்டி நின்றால் பணம் இல்லை. கோயம்பேடு மொத்தச் சந்தை நள்ளிரவில் சூடுபிடிக்கும். விடிந்து போய்ச் சேரும் தக்காளிக்கு விலை இறங்கிவிடும். கன்டெய்னர் கப்பலுக்குரிய நேரத்துக்குள் துறைமுகம் சேர வேண்டும். கடிகாரம் சரக்குக்காக ஓடுகிறது. ஓட்டுநரின் உடல் அதற்குப் பின்னால் இழுபடுகிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடலின் விழிப்பு தானாகவே தாழும் நேரம். அப்போது வரும் சில நொடி உறக்கத்தை ஓட்டுநரே அறிவதில்லை. நான்கு நொடி கண் மூடினால், 70 கிலோமீட்டர் வேகத்தில் லாரி கிட்டத்தட்ட 80 மீட்டர் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம்.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தியது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு. நம் நாட்டில் லாரிகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையது. கடன் வாங்கி வண்டி எடுத்து, மாதத் தவணை கட்டுபவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதே வேலை நேரத்தை எல்லாச் சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கும் விரித்தது. அதை அளக்கும் கருவியோ கேட்கும் அதிகாரியோ இல்லாததால் அது காகிதத்தில் தங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். லாரியில் பொருத்திய பதிவுக் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். நம்மிடம் தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதியும் 2018-இல் நீக்கப்பட்டது.

கிளீனரும் மறைந்துகொண்டிருக்கிறார். இடதுபுறம் எட்டிப்பார்த்துக் கை காட்டுபவர், டயர் மாற்றும்போது பின்னால் நின்று வண்டிகளை ஒதுக்குபவர், பேச்சுக் கொடுத்து ஓட்டுநரை விழித்திருக்க வைப்பவர் அவர்தான். செலவைக் குறைக்க அவரை நிறுத்தியபின், இடதுபுறம் ஒட்டி வரும் பைக்கைப் பார்க்க லாரியில் யாரும் இல்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் சித்திரை வெயிலில் என்ஜின் சூட்டோடு ஓடும் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும்.

சுமையின் கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். 2018-இல் மத்திய அரசு அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தியது. இரண்டு ஆக்சில் லாரிக்கு 16.2 டன் என்பது 18.5 ஆனது; மூன்று ஆக்சிலுக்கு 25 டன் என்பது 28.5 ஆனது. அதையும் மீறி ஏற்றினால் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். ஆனால் அபராதத்தைத் தாண்டியும் லாபம் வரும் என்றால், குவாரியிலிருந்து புறப்படும் டிப்பர் மேடு கட்டியே வரும். எடை கூடினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும், டயர் வெடிக்கும், வளைவில் வண்டி சாயும். எடை மேடையில் லோடை அனுமதித்தவரும் அந்த விபத்தின் ஒரு காரணம்.

உடல் படும் பாடு

கார் மோதிய காயத்துக்கும் லாரி ஏறிய காயத்துக்கும் வேறுபாடு பெரிது. லாரிச் சக்கரம் கால் மீது உருளும்போது தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் தசையிலிருந்து உரித்தெடுத்துவிடும். வெளியே சிறிய கீறல்போலத் தெரிந்தாலும், உள்ளே இரத்த ஓட்டம் அறுந்த தோல் சில நாட்களில் கறுத்துச் செத்துப்போகும். இடுப்பெலும்பு நொறுங்கினால், ஐந்து லிட்டர் இரத்தம் மட்டுமே உள்ள உடலில் லிட்டர் கணக்கில் வயிற்றடிக்குள்ளேயே கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. 'ரத்தமே வரலையே, பேசிட்டுத்தானே இருந்தார்' என்று உறவினர் திகைப்பது இதனால்தான். ஹெல்மெட் தலையைக் காக்கும். சக்கரத்துக்கு அடியில் போகும் இடுப்பையும் காலையும் அதனால் காக்க முடியாது. லாரிகளின் பக்கவாட்டுத் தடுப்பு அதற்காகவே விதிக்கப்பட்டது.

கேபினுக்குள் கால் சிக்கிய ஓட்டுநருக்கு வேறோர் ஆபத்து உண்டு. நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்த தசை விடுபட்டதும், அதில் தேங்கிய பொட்டாசியமும் தசைப் புரதமும் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 1941-இல் லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர் பைவாட்டர்ஸ் இதை விவரித்தார். ஆகவே இழுத்துப்போட்டு வெளியே எடுப்பது மட்டும் மீட்பு ஆகாது. எடுப்பதற்கு முன்பே நரம்பில் திரவம் ஏற்றத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். அமிலமோ சல்ஃபைடோ ஏற்றிய டேங்கர் கவிழ்ந்தால், உதவ ஓடுபவருக்கும் தீக்காயமும் மூச்சடைப்பும் நேரலாம்.

முறிந்து வெளியே துருத்திய கால் எலும்பைக் காப்பாற்றுவதா, காலை அகற்றுவதா என்பது மருத்துவரின் மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று. அதற்கு உலகெங்கும் பயன்படும் மதிப்பீட்டு முறை ஒன்றை உருவாக்கியது கோவை கங்கா மருத்துவமனை. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கும் நோயாளியின் பிற நலக்குறைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுக்கிறார்கள். மொத்தம் 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம்; 17-ஐத் தொட்டால் அகற்றுவதே நல்லது. அந்த முறையை உருவாக்கியவர்களில் முதன்மையான எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், அறுவை அரங்கோடு நிற்கவில்லை. தடுக்கக்கூடிய மரணங்களைப் பொறுக்காமல் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. காயத்தைத் தைப்பவரே காரணத்தையும் கேட்டது நமக்குப் பெருமை.

காவேரிப்பாக்கத்தில் அடிபட்டவருக்கு மேற்கே வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையும், ராணிப்பேட்டை அருகே நெடுஞ்சாலையை ஒட்டிய வேலூர் சி.எம்.சி.யின் விபத்துச் சிகிச்சை மையமும் இருக்கின்றன; கிழக்கே காஞ்சிபுரம். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஒரு லட்சமாக இருந்த வரம்பு பின்னர் இரண்டு லட்சமானது. எந்த மாநிலத்தவர் அடிபட்டாலும் பொருந்தும் இந்தத் திட்டம் தமிழ்நாட்டின் சிறந்த சாதனைகளில் ஒன்று. ஆனால் லாரி நசுக்கிய காலுக்கு 48 மணி நேரம் தொடக்கம் மட்டுமே. தோல் ஒட்டு, சதை மாற்று, கிருமித்தொற்று, மறு அறுவை என்று மாதங்கள் நீளும்.

அதன் பிறகு வாழ்வது எப்படி என்பதற்கும் இந்த மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை நிறுவினார். தண்டுவடம் முறிந்தவர்களும் கை கால் இழந்தவர்களும் அங்கே மீண்டும் நடக்கவும் உழைக்கவும் கற்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஒன்று இருக்க வேண்டிய தேவையை நெடுஞ்சாலை உருவாக்கிவிட்டது.

ஓடிப்போகும் ஓட்டுநர், காத்திருக்கும் குடும்பம்

2022-இல் மட்டும் மோதிவிட்டு நிற்காமல் போன வாகனங்களால் நாட்டில் 30,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடுவது குற்றம். ஆனால் நின்றால் கூட்டம் அடித்துவிடும் என்ற அச்சம் லாரி ஓட்டுநர்களிடம் உண்மையிலேயே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, தகவல் தராமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்றது. அதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுவதும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ 108-க்கோ போன் செய்துவிட்டு நகர்ந்தவரையும் ஓடிப்போனவரையும் வேறுபடுத்தும் தெளிவான நடைமுறை வந்தால், அடிபட்டவருக்குத்தான் முதலில் நன்மை.

அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என 2022 ஏப்ரல் முதல் இழப்பீடு உயர்ந்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பு உண்டு. மருத்துவமனைக் கட்டிலிலேயே அது கரைந்துவிடுகிறது. இழப்பைக் கணக்கிடும் விதமும் முக்கியம். எழுத்தருக்கும் தோல் ஆலையில் நின்றபடியே வேலை செய்பவருக்கும் ஒரு கால் போவது ஒன்றல்ல. மருத்துவச் சான்றிதழில் எழுதிய ஊன விழுக்காட்டை அப்படியே எடுக்காமல், அவரவர் தொழிலில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதை வாதாடிப் பெற்றுத் தரும் இலவசச் சட்ட உதவி, கட்டிலருகே வர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விபத்தைத் தடுக்க முடியாது என்ற சலிப்புக்கு இடமில்லை. மும்பை - புனே விரைவுச் சாலையில் 2016 முதல், ஒவ்வொரு உயிரிழப்பையும் தனித்தனியே ஆராய்ந்து, ஓரத்தில் நிற்கும் லாரிகளை அகற்றி, தடுப்புகளைச் சரிசெய்தபோது இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான விபத்துத் தரவுச் செயலி இன்று காவல் நிலையங்களிலேயே இருக்கிறது. புதிதாக வரும் சென்னை - பெங்களூரு விரைவுச் சாலை சரக்கின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆனால் காவேரிப்பாக்கத்துக்காரர் கடக்க வேண்டியது பழைய சாலையைத்தான்.

ஆகவே உயிரிழப்போ பலத்த காயமோ நேர்ந்த ஒவ்வொரு லாரி விபத்திலும் சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும். ஓட்டுநர் கடைசி 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினார்? எடைச் சீட்டில் இருந்தது எத்தனை டன்? பின்விளக்கும் பட்டையும் பின்புறத் தடுப்பும் எந்த நிலையில் இருந்தன? லாரி நின்றிருந்தால் ஏன், எவ்வளவு நேரமாக? அதற்கு முன் ஒதுங்க இடம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது? சரக்கை எந்த நேரத்துக்குள் சேர்க்கச் சொன்னது யார்? விடைகள் ஓட்டுநரோடு நிற்காமல், உரிமையாளர், சரக்கு அனுப்பியவர், குவாரி, சுங்கம் வசூலிப்பவர், சாலை வடிவமைத்தவர் வரை போகும். சாலை வடிவமைப்பின் பிழைக்கு ஒப்பந்ததாரரைப் பொறுப்பாக்கும் 198ஏ பிரிவு 2019-இலேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

விடைகள் சேரச் சேரச் செய்ய வேண்டியது தானே தெரியவரும்: எந்த இடத்தில் லாரிகளுக்கு வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் உள்ள நிறுத்தம் வேண்டும், எந்த ஊருக்குச் சுரங்கப்பாதை வேண்டும், எந்தக் குவாரியின் எடை மேடையை மூட வேண்டும், எந்தத் தோல் ஏற்றுமதியாளர் தன் கன்டெய்னருக்கு இன்னும் நான்கு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புதிய துறையும் தேவையில்லை. ஆட்சியர் தலைமையில் கூடும் ராணிப்பேட்டை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, இந்தக் கேள்விகளை ஒரே தாளில் அச்சிட்டுக் காவேரிப்பாக்கம், அவளூர் காவல் நிலையங்களுக்கு அனுப்பி, மாதம்தோறும் விடைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே அதைத் தொடங்க வேண்டும்.